மனைப்பிரிவுப் பூங்காவை பஸ் நிலையமாக்க நில வகைமாற்றம்: ஆட்சேபனை எழுதுவது எப்படி?

#1 நாலாவது_குறுக்குத்தெரு

சென்னைப் புறநகர். 1980களில் அப்ரூவ் ஆன லே-அவுட். நடுவில் பூங்கா, 1 ஏக்கர் 38 சென்ட். மூன்று பக்கம் 30 அடி ரோடு, ஒரு பக்கம் 40 அடி. போன வாரம் நாளிதழில் விளம்பரம்: இந்த சர்வே எண்ணை ‘திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு’ உபயோகத்திலிருந்து ‘நிறுவன’ உபயோகத்துக்கு மாற்ற உத்தேசம், ஆட்சேபனை இருந்தால் 21 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். எதற்கு என்றால் பஸ் நிலையம். 20 வண்டி நிற்க இடம், டிரைவர் கண்டக்டருக்கு ஓய்வறை.

வாட்ஸாப் குரூப்பில் ‘பசுமையைக் காப்போம்’ போஸ்டர் ரெடி. கையெழுத்து வேட்டையும் ஆரம்பிச்சாச்சு. அது போதுமா? உருப்படியா வேற என்ன செய்யணும், விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 எஃப்எம்பி_அண்ணன்

போஸ்டர் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நிலம் காகிதத்தில் என்னவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே மண்ணுக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர் இருக்கும், மூன்றும் ஒத்துப்போகாது. சண்டையே அந்த இடைவெளியில்தான்.

ஒன்று, முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று சொல்லும் மாஸ்டர் பிளான். சென்னைக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2008 செப்டம்பரில் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான். அதன் நில உபயோக வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரம் மாற்றப் பார்ப்பது இந்த அடுக்கை மட்டும்தான்.

இரண்டு, லே-அவுட் அனுமதி. அப்ரூவல் எண்ணும் வருடமும் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே இருக்கும், சொத்து விவரம் எழுதிய பக்கத்தில் தேடுங்கள். அந்த வரைபடத்தில் இந்த இடத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உயிர்நாடி. ‘பூங்கா’ என்றோ ‘விளையாட்டுத் திடல்’ என்றோ இருந்தால் ஒரு கதை. ‘பொது உபயோகத்துக்கு ஒதுக்கீடு’ என்று மட்டும் இருந்தால் வேறு கதை. பின்னதில் பஸ் நிலையமும் பொது உபயோகம்தானே என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

மூன்று, வருவாய் ஆவணம். நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), பழைய ‘அ’ பதிவேடு (நிலம் எந்த வகை என்று எழுதிய வருவாய்ப் பதிவேடு). நகலை இ-சேவையில் எடுக்கலாம்; பழைய ‘அ’ பதிவேட்டுக்குத் தாலுகா அலுவலகம் போக வேண்டும். அதில் குட்டை, வாய்க்கால் என்று ஏதாவது தட்டுப்பட்டால் விஷயமே மாறிவிடும். நீர்நிலைப் புறம்போக்கைத் தொடுவதற்கு நீதிமன்றங்கள் லேசில் விடுவதில்லை.

கூடவே தானப்பத்திரம். லே-அவுட் போட்டவர் பூங்காவை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிப் பதிந்து கொடுத்தாரா என்று வில்லங்கச் சான்றில் தெரியும். 1980க்கு முன்பிருந்தே தேடச் சொல்லி மனு போடுங்கள். ஆன்லைனில் அவ்வளவு பின்னால் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித் தருவார்கள். பத்திரத்தில் ‘பூங்காவாக மட்டும் பராமரிக்க’ என்ற நிபந்தனை இருந்தால் அந்த ஒரு வரி நூறு கையெழுத்துக்குச் சமம்.

#3 நாலாவது_குறுக்குத்தெரு

அண்ணே, தானப்பத்திரமே இல்லைன்னா?

#4 வாதி_பிரதிவாதி

பழைய லே-அவுட்களில் பாதிக்கு அந்தக் கதிதான். அதனால் கை நழுவிவிடாது. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள பண்டிட் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: லே-அவுட்டில் திறந்தவெளி என்று காட்டி அனுமதி வாங்கிய பிறகு, உரிமை எழுதிக் கொடுக்காவிட்டாலும் சொந்தக்காரர் அந்த இடத்துக்கு அறங்காவலர் மாதிரிதான், வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது.

இன்னொரு தீர்ப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்: 1991ல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் பி.எஸ். முத்தப்பா. ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் அறக்கட்டளை நர்சிங் ஹோம் கட்டக் கொடுத்தார்கள். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். கடைசியில் ஒதுக்கீடு ரத்து. குடியிருப்போருக்கு வழக்குத் தொடர உரிமை உண்டு, பூங்காவும் திறந்தவெளியும் விருப்பப்படி கைமாற்றும் பண்டம் அல்ல என்பவை அதில் கிடைத்த பலம். ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிந்துகொண்டு மேற்கோள் காட்டுங்கள். அங்கே பூங்கா போனது தனியார் கைக்கு. உங்கள் இடத்தில் வரப்போவது அரசு பஸ் நிலையம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதனால் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம், 1959. உள்ளாட்சி தன் எல்லையில் உள்ள பூங்காக்களைப் பட்டியல் போட்டு அரசு ஒப்புதலோடு வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் ஏறிய இடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அரசின் முன் அனுமதி வேண்டும். மாஸ்டர் பிளானில் நிறம் மாற்றுவது வேறு, இந்த அனுமதி வேறு. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்துபோவது சகஜம். உங்கள் பூங்கா பட்டியலில் உண்டா என்று கேட்டு வையுங்கள்.

#5 வாதி_பிரதிவாதி

தொடர்ச்சி, கெடு பற்றி. இதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்.

வகைமாற்றம் நடப்பது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவில். விளம்பரம் வந்த தேதியிலிருந்து 21 நாள். தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தர அவர்களுக்கு 30 நாள். கணக்கு இடிக்கிறதா? தகவல் மனுவைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் ஆட்சேபனைக் கெடு தாண்டிவிடும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள்.

தகவல் மனுவில் ‘ஏன் மாற்றுகிறீர்கள்’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இடத் தேர்வு அறிக்கை, பரிசீலித்த மாற்று இடங்களின் பட்டியல், போக்குவரத்து ஆய்வு, உள்ளாட்சியின் தடையின்மைக் கடிதம், மாமன்றத் தீர்மான நகல், கோப்பின் குறிப்புப் பக்கங்கள். கடைசி வரியாகக் ‘கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்’ என்று சேருங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் இல்லை, நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். விளம்பரம் கொடுத்த அலுவலகத்துக்கு ஒன்று, நிலத்தை வைத்திருக்கும் உள்ளாட்சிக்கு ஒன்று, நிலம் கேட்கும் போக்குவரத்து நிறுவனத்துக்கு ஒன்று என மூன்று தனி மனு.

ஆட்சேபனைக் கடிதத்தில் ‘தகவல் மனு எண் இன்னது நிலுவையில் உள்ளது, ஆவணங்கள் கிடைத்ததும் கூடுதல் ஆட்சேபனை தர உரிமையை ஒதுக்கிவைத்துக்கொள்கிறோம், நேரில் விளக்க வாய்ப்புத் தர வேண்டும்’ என்று கட்டாயம் எழுதுங்கள். பிறகு கோர்ட்டில் ‘அப்போது ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்விக்கு இந்த மூன்று வரிதான் பதில்.

#6 21ஜி_பயணி

எதிர்க்கருத்து ஒன்று வைக்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். ‘எங்கள் தெருவில் பஸ் வேண்டாம்’ என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பஸ் ஏறாதவர்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள் மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். அவர்களும் குடியிருப்போர்தான். ஆட்சேபனைக் கடிதத்தில் ‘அமைதி கெடும், வெளியாட்கள் வருவார்கள்’ என்று ஒரு வரி வந்தாலும் அந்தக் கடிதத்தை நானே கிழித்துப் போடுவேன்.

#7 டெட்_கிலோமீட்டர்

#6 சொல்வது சரி. அதனால்தான் பஸ்ஸை எதிர்க்காமல் இடத்தை எதிர்க்க வேண்டும். அதற்குக் கணக்குப் போட்டுப் பேசலாம்.

ஒரு சாதாரணப் பஸ் 12 மீட்டர் நீளம். நிற்க 12க்கு 3.5 மீட்டர் என்று வைத்தால் 42 சதுர மீட்டர். 20 வண்டிக்கு 840. வளைந்து திரும்பி வெளியேற, பயணிகள் மேடை எல்லாம் சேர்த்தால் இதுபோல் இரண்டரை மூன்று மடங்கு என்று வையுங்கள். 1 ஏக்கர் 38 சென்ட் என்பது சுமார் 5,580 சதுர மீட்டர். பாதிப் பூங்கா மிஞ்சுமே என்று தோன்றும். மிஞ்சாது. 12 மீட்டர் வண்டி யூ-டர்ன் அடிக்க வெளிவட்டம் 24, 25 மீட்டர் அகலம் கேட்கும். அந்த வட்டத்தை நடுவில் போட்டதும் மீதி இடம் மூலைமூலையாகத் துண்டாகிவிடும். அவர்கள் வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டுவது அந்த மூலைகளைத்தான்.

உங்களுக்குக் கிடைத்த பெரிய துருப்பு 30 அடி ரோடு. 30 அடி என்றால் 9.1 மீட்டர். இரு பக்கமும் கார் நின்றால் நடுவில் 5 மீட்டர் மிஞ்சும். பஸ் வளையும்போது உள் சக்கரமும் வெளி முனையும் சேர்ந்து அடிக்கும் அகலம் 7 மீட்டரைத் தாண்டும். ஆக 30 அடி முனையில் பஸ் திரும்ப வேண்டுமானால் பார்க்கிங் தடை போட வேண்டும், அல்லது முனை வீட்டு மதில் இடியும். 40 அடிப் பக்கம் மட்டும் வாசல் வைத்தால் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே இடத்தில் முட்டும்.

அடுத்தது வண்டிப் போக்கு. 20 பஸ்ஸும் அரை மணிக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 40 புறப்பாடு, 40 வருகை. நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல். லே-அவுட் தார் ரோடு காருக்கும் பைக்குக்கும் போட்டது. நிறைய ஆள் ஏறிய பஸ்ஸின் பின் அச்சில் மட்டும் 10 டன்னை ஒட்டி எடை இறங்கும். அடுத்த மழைக்கு ரோடு அலை அலையாகிவிடும். முதல் வண்டி விடிகாலை 4 மணிக்கு என்றால் ஒலி விதிகளில் அது இரவு நேரம், குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் வரம்பு. டீசல் என்ஜின் சூடேற்றும் சத்தம் அதற்குள் அடங்காது. மின்சார பஸ் வரும், சத்தமே இருக்காது என்று பதில் சொல்வார்கள். அப்படியானால் சார்ஜர், டிரான்ஸ்ஃபார்மர் அறை எங்கே, அதற்கு எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள்.

மாற்று என்ன? வண்டி நிற்கும் இடத்தையும் ஆள் ஏறும் இடத்தையும் பிரித்துவிடலாம். ஏறி இறங்க மெயின் ரோட்டில் இரண்டு மூன்று பஸ் பே (பஸ் ஒதுங்கி நிற்கும் ரோட்டோர இடம்), உள்ளே வர மினி பஸ். வண்டி ஓய்வெடுக்க, ராத்தங்கல் போட இருக்கும் டிப்போ. அவர்கள் இதை மறுக்கச் சொல்லும் காரணம் டெட் கிலோமீட்டர், அதாவது ஆளில்லாமல் டிப்போவுக்கும் புறப்படும் இடத்துக்கும் ஓடும் தூரம். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிச்சமாகிறது என்று எழுத்தில் வரட்டும். அந்த மிச்சத்துக்காக ஒரு பூங்கா போக வேண்டுமா என்று ஒப்பிட்டுப் பேசினால் தொழில்நுட்பக் குழு உட்கார்ந்து கேட்கும். இன்ன டிப்போ, இன்ன புறம்போக்கு என்று இரண்டு இடமாவது பேர் சொல்லிக் கொடுங்கள்.

#8 நாலாவது_குறுக்குத்தெரு

நன்றி சார், இது ரொம்ப உபயோகம். மரக் கணக்கு எடுத்தா பிரயோஜனம் உண்டா? வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி எல்லாம் சேர்த்து நிறைய இருக்கு.

#9 வேம்படி

உண்டு. ஒழுங்காக எடுக்க வேண்டும். ‘ஏராளமான மரங்கள்’ என்று எழுதுவதில் பயனில்லை.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தையல் டேப்பால் சுற்றளவு எடுங்கள். அந்த உயரத்துக்குக் கீழேயே கிளை பிரிந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக எழுதி ஒரே எண்ணில் அ, ஆ என்று குறியுங்கள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், சுண்ணாம்பில் எண் போடுங்கள். அட்டவணையில் எண், பெயர், சுற்றளவு, உத்தேச உயரம், கூடு உண்டா, புலப்படத்தில் எந்த இடம். ஒரு மரத்துக்கு ஒரு போட்டோ, எண் தெரிய. ஒவ்வொரு பக்கத்திலும் எடுத்தவர் இருவர் கையெழுத்து, தேதி. சீமைக்கருவேலம், சுபாபுல் இருந்தால் தனிப் பட்டியல். அவற்றையும் கூட்டி எண்ணிக்கையை ஏற்றினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பட்டியலையும் தள்ளிவிடும்.

‘வெட்டமாட்டோம், பெயர்த்து நடுவோம்’ என்பார்கள். அதற்கும் கணக்கு உண்டு. தண்டு விட்டத்தைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு அகலத்துக்கு வேர்மண் வேண்டும். சுற்றளவு 125 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 40. வேர்மண் உருண்டை சுமார் மூன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். எடை மட்டுமே 15 டன்னுக்கு மேல். இதைத் தூக்கும் கிரேன் உங்கள் 30 அடி ரோட்டில் கால் விரித்து நிற்க வேண்டும். நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? ஒன்றரை மீட்டர் உருண்டையோடு, கிளையை எல்லாம் மொட்டையடித்து, ஒரே நாளில் பிடுங்குவார்கள். அரசு, ஆல் மாதிரி அத்தி இன மரங்கள் அதையும் தாங்கித் துளிர்க்கும். வேம்பு பாதிக்குப் பாதி. முதிர்ந்த புங்கமும் தூங்குமூஞ்சியும் பெரும்பாலும் முதல் கோடையிலேயே கருகிவிடும். முறைப்படி செய்தால் பல வாரம் முன்பே ஒரு பக்கம் வேரை வெட்டி, புது வேர் விட்டபின் மறுபக்கம் வெட்ட வேண்டும். ‘வேர் வெட்டும் கால அட்டவணை, நடும் இடத்தின் சர்வே எண், இரண்டு வருடத் தண்ணீர் ஒப்பந்தம்’ மூன்றையும் கேளுங்கள்.

வெட்ட அனுமதி கேட்டு மனு போவது மாவட்டப் பசுமைக் குழுவுக்கு. இந்தப் பட்டியலின் ஒரு நகலை இப்போதே அங்கும் கொடுத்து வையுங்கள்.

#10 போரிவலி_தமிழன்

மேலே உள்ளவர்களோடு ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மரத்தை முன்னால் வைக்காதீர்கள். ஏன் என்று மும்பையில் மரங்கள் அடர்ந்த ஆரே காலனியின் கதை சொல்லும்.

33.5 கிலோமீட்டர் மெட்ரோ 3ஆம் தடத்துக்குப் பணிமனை. ஆரேயில் சுமார் 30 ஹெக்டேர். வளர்ச்சி தடைசெய்யப்பட்ட மண்டலத்திலிருந்து அதைப் பணிமனை உபயோகத்துக்கு மாற்றிய அறிவிக்கை 2017ல் வந்தது. எதிர்த்தவர்கள் அப்போதும் இருந்தார்கள், வழக்கும் போட்டார்கள். ஆனால் ஊர் திரண்டது 2019ல், மர ஆணையம் வெட்ட அனுமதி கொடுத்த பிறகு. அனுமதிக்கு முன் வந்த ஆட்சேபனைகள் 80 ஆயிரத்துக்கு மேல்! 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அன்று ராத்திரியே ரம்பம் ஓடியது. 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,141 மரம் சாய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்ப்பு, திங்கட்கிழமை தடை. நடுவில் சனி, ஞாயிறு. இது உங்களுக்கும் நடக்கலாம். தீர்ப்பு பாதகமாக வந்தால் மேல்முறையீடு செய்யும்வரை நிறுத்திவைக்கக் கோரும் மனு அதே கோர்ட்டில், அதே நிமிடம் வாய்மொழியாகவாவது கேட்கப்பட வேண்டும். வக்கீலிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்தது மாற்று இடம். ஆட்சி மாறி 2020ல் பணிமனையைக் காஞ்சூர்மார்க்குக்கு மாற்றினார்கள், 102 ஏக்கர். அந்த உப்பள நிலம் தன்னுடையது என்று மத்திய அரசு வழக்குக்கு வந்தது. 2020 டிசம்பரில் நிலத்தை ஒப்படைத்த கலெக்டர் உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் தடை. வேலை நின்றது. 2022ல் மறுபடி ஆட்சி மாறியதும் ஆரேக்கே திரும்பிவிட்டார்கள். அந்தத் தடத்தில் 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது.

நீங்கள் மாற்று இடம் சொல்லும்போது அதன் பட்டா, வழக்கு நிலவரம், யார் துறை வசம் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வில்லங்கமான மாற்று இடத்தைக் காட்டினால் சொந்தக் காசில் எதிர்த்தரப்புக்கு உதவி செய்த மாதிரி.

#11 கும்பகோணம்_டிகிரி

அப்போ ஆரேயில் தோத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? எதுக்கு இவ்வளவு பாடு?

#12 போரிவலி_தமிழன்

முழுசா தோற்கவில்லை. சுமார் 800 ஏக்கர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது போராட்டத்தால்தான். 2022 நவம்பரில் கூட 84 மரத்துக்கு மட்டும் மனு போட உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதை மீறி 177 மரத்துக்கு முயன்றதற்காக 2023 ஏப்ரலில் மெட்ரோ நிறுவனத்துக்கு 10 லட்சம் அபராதம். ஆனால் பணிமனை நிலம் போனது போனதுதான். வகைமாற்றம் முடிந்த நிலத்தில் மரத்தை வைத்துச் சண்டை போட்டால் ‘இது ஏற்கனவே பணிமனை நிலம், எத்தனை மரம் என்பதுதான் கேள்வி’ என்று பேச்சு சுருங்கிவிடும். #1 நண்பருக்கு இன்னும் வகைமாற்றமே ஆகவில்லை. அவர் நிற்பது நல்ல இடத்தில்.

#13 அமைந்தகரை_ஓரம்

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன். எங்கள் பக்கம் பூங்காவை மெட்ரோவுக்குத் ‘தற்காலிகமாக’ கேட்கிறார்கள். வகைமாற்ற அறிவிப்பே இல்லை. இதற்கு என்ன செய்வது?

#14 டெட்_கிலோமீட்டர்

ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை நீங்களே பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். மெட்ரோ முதல் கட்டத்துக்கு எடுத்தது. ஸ்டேஷன் 2017 மே மாதம் திறந்துவிட்டது; பூங்கா மறுபடி ஜனங்களுக்குத் திறந்தது 2023ல். ரயில் ஓட ஆரம்பித்துக் கிட்டத்தட்ட ஆறு வருடம் கழித்து. ‘தற்காலிகம்’ என்ற வார்த்தைக்குத் தேதி போடாவிட்டால் இதுதான் நடக்கும்.

சுரங்க ஸ்டேஷன் என்பது மேலிருந்து பள்ளம் தோண்டிக் கட்டும் 200 மீட்டருக்கு மேலான கான்கிரீட் பெட்டி. முடிந்ததும் மேலே மண் போட்டு மூடுவார்கள். அந்த மண் எவ்வளவு ஆழம் என்பதை வைத்துத்தான் மேலே மரம் வருமா, புல்லும் செம்பருத்தியும் மட்டும் வருமா என்பது. பெரிய மரத்துக்கு இரண்டு மீட்டராவது வேண்டும். கூரைத் தளம் அந்தச் சுமைக்கு முதலிலேயே டிசைன் ஆகியிருக்க வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை, ஈர மண் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னை நெருங்கும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: தற்காலிகப் பரப்பு எவ்வளவு, நிரந்தரப் பரப்பு எவ்வளவு, இரண்டும் வேறு வேறு நிறத்தில் புலப்படத்தின் மேல். நிரந்தரத்தில் வருபவை நுழைவாயில், காற்றுப்போக்கி, குளிர்விப்பான், ஜெனரேட்டர், துணை மின் நிலையம். இவற்றை ரோட்டோரத்துக்கு நகர்த்தலாம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். டிசைன் கட்டத்தில் கேட்டால் 20, 30 மீட்டர் நகர்த்துவார்கள். ஒப்பந்தக்காரர் வந்தபின் ஒரு அடி நகராது. தகரத் தடுப்பு எந்தக் கோட்டில், எந்த மாதம் வரை என்பதும் வேண்டும்.

சென்னை இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி போன்றவை கடன் கொடுக்கின்றன. எந்தப் பகுதிக்கு யார் கடன் என்று பாருங்கள். கடன் கொடுத்தவரின் சுற்றுச்சூழல் ஆவணத்தில் உங்கள் பூங்கா பேர் இருக்கும், எத்தனை மரம், எப்போது திருப்பித் தருவது என்பதோடு. தள நிலவரம் அதிலிருந்து மாறினால் அந்த வங்கிகளின் புகார் பிரிவுக்கு எழுதலாம். முதலில் திட்ட நிறுவனத்திடம் எழுதிப் பார்த்திருக்க வேண்டும், அந்தக் கடித நகல் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

#15 கும்பகோணம்_டிகிரி

நேரா பசுமைத் தீர்ப்பாயம் போயிடலாமே? சென்னையிலேயே இருக்கு.

#16 வாதி_பிரதிவாதி

போகலாம், திரும்பியும் வரலாம். தீர்ப்பாயம் விசாரிப்பது அதன் அட்டவணையில் உள்ள ஏழு சட்டங்கள் சம்பந்தப்பட்டதை மட்டும்: நீர், காற்று, வனம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு இந்த வகை. நகர் ஊரமைப்புச் சட்டம் அதில் இல்லை. நீர்நிலை விவகாரம் இருந்தாலோ, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டு சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்பட்டாலோ அங்கே வழி உண்டு, ஆறு மாதத்துக்குள். மெட்ரோ ரயில் தடம் 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் பட்டியலிலேயே கிடையாது. வெறும் வகைமாற்றத்துக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான், அதாவது அரசு உத்தரவை நேரடியாக எதிர்க்கும் மனு.

சங்கத்தின் பெயரில் போடுவதானால் சங்கம் 1975 சட்டத்தில் பதிவாகி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்து உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பல சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு மட்டும்தான் உயிரோடு இருக்கும். செயற்குழுத் தீர்மானம் ‘இன்னாரை வழக்குத் தொடர அதிகாரம் அளிக்கிறோம்’ என்று தெளிவாக வேண்டும். பாதுகாப்புக்கு மனை உரிமையாளர் இரண்டு பேரைத் தனிநபர் மனுதாரராகவும் சேருங்கள். அவர்கள் கிரயப் பத்திரத்தில் லே-அவுட் எண் இருக்கிறது, பூங்காவைக் காட்டித்தான் மனை விற்கப்பட்டது என்ற வாதம் அவர்கள் வாயில் வந்தால்தான் எடுபடும்.

#17 எஃப்எம்பி_அண்ணன்

கடிதத்தின் முதல் பாரா எப்படி இருக்கணும்னு ஒரு மாதிரி. தேதி, எண்களை நிரப்பிக்கொள்ளுங்கள். தானப்பத்திரம் கிடைக்காவிட்டால் அதைச் சொல்லும் பகுதியை விட்டுவிடுங்கள்.

‘பொருள்: … கிராமம், நகரளவை எண் …, பரப்பு 1 ஏக்கர் 38 சென்ட், நில உபயோக மாற்றம், … தேதி நாளிதழ் அறிவிப்பு, ஆட்சேபனை. மேற்படி நிலம் … எண் அனுமதி பெற்ற மனைப்பிரிவில் பூங்கா எனக் காட்டப்பட்டு, … எண் பதிவுபெற்ற தானப்பத்திரம் மூலம் பூங்கா உபயோகத்துக்கென உள்ளாட்சி வசம் ஒப்படைக்கப்பட்டது. கீழே கையொப்பமிட்டவர் அதே மனைப்பிரிவில் மனை எண் …இன் உரிமையாளர். உத்தேச மாற்றத்தைக் கீழ்க்கண்ட காரணங்களால் ஆட்சேபிக்கிறேன்.’

அப்புறம் வரிசை: உரிமையும் தான நிபந்தனையும், லே-அவுட் அனுமதி, 1959 சட்டம், ரோடு அகலமும் பஸ் வளைவும், மாற்று இடம் இரண்டு, மரப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இணைப்பு எண்ணோடு. மூன்று பக்கம் தாண்ட வேண்டாம். இணைப்பு எத்தனை பக்கமும் இருக்கலாம்.

ஒரே கடிதத்தில் 400 கையெழுத்து வாங்கினால் ஃபைலில் அது ஒரு ஆட்சேபனை என்றுதான் பதிவாக வாய்ப்பு. வீட்டுக்கு ஒன்று, மனை எண்ணும் கதவு எண்ணும் போட்டு. வாடகைக்கு இருப்பவர்களும் எழுதலாம், ‘குடியிருப்பவர்’ என்று குறிப்பிட்டால் போதும். #6 சொன்ன அந்த அம்மாக்களும் பூங்காவில் உட்காருபவர்கள்தான், அவர்களிடமும் கேளுங்கள்.

#18 நாலாவது_குறுக்குத்தெரு

வில்லங்கச் சான்று மனு இன்னிக்குப் போட்டாச்சு. லே-அவுட் வரைபடத்தில் ‘பூங்கா’ன்னே எழுதியிருக்கு, பக்கத்து மனைக்காரர் பத்திரத்தோட ஒட்டியே வச்சிருக்கார். ஒரு சந்தேகம்: 21வது நாள் ஞாயித்துக்கிழமை வருது. திங்கள் கொடுத்தா ஏத்துப்பாங்களா?

#19 வாதி_பிரதிவாதி

ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அந்த வாதத்தை ஏன் கையில் எடுக்கிறீர்கள்? வியாழனே தபால் பிரிவில் நேரில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் தேதி முத்திரையும் வரிசை எண்ணும் வாங்குங்கள். முத்திரை மங்கலாக விழுந்தால் பக்கத்தில் பேனாவால் தேதி எழுதி இனிஷியல் போடச் சொல்லுங்கள், போடுவார்கள். அதே நாள் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு இன்னொன்று, மின்னஞ்சலில் ஸ்கேன் ஒன்று. வீடு வீடாக வந்த கடிதங்களை ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்காதீர்கள், கட்டுக்கு ஒரே எண் போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று நின்று வாங்குங்கள். மதிய சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போனால் கவுண்டரில் கூட்டம் குறைவு.